1954 அழைப்பா, ஆர்.டி.ஐ. விண்ணப்பமா? மலையகத்துக்கு எது கைகொடுக்கும்

இலஞ்சத்துக்கும் ஊழலுக்கும் எதிராகச் சாதாரண ஆள் ஒருவர் கையில் எடுக்கக்கூடிய சேவைகள் இலங்கையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று, இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கம். மற்றது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச அலுவலகங்களில் கொடுக்கும் விண்ணப்பம், பேச்சுவழக்கில் ஆர்.டி.ஐ. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவ, பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இவை எவ்வளவு தூரம் உதவும் என்பதையே இங்கே பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கைநீட்டிக் காசு கேட்பவரைப் பிடிக்க 1954. வந்த காசு எங்கே போனது என்று கண்டுபிடிக்க ஆர்.டி.ஐ. தோட்டத்துப் பாதை, வீடு, தண்ணீர்த் திட்டம், நிவாரணப் பட்டியல் என்று நமக்கு நட்டம் வரும் இடங்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. ஆகவே ஐந்துக்கு ஆர்.டி.ஐ.க்கு மூன்றரை, 1954 க்கு இரண்டு. ஏன் இந்தப் புள்ளி என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், அதாவது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. உலக நாடுகளின் தகவல் சட்டங்களைத் தரப்படுத்தும் அளவீட்டில் 150 க்கு 131 புள்ளி பெற்ற சட்டம் அது. விண்ணப்பத்துக்கு ஆர்.டி.ஐ. 01 என்ற படிவம் உண்டு. ஆனால் அது கட்டாயம் இல்லை, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் ஏற்க வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலரே அதை எழுத்தில் இட வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விசாரிக்க அவருக்கு உரிமை இல்லை. விண்ணப்பம் கொடுக்கக் கட்டணமும் இல்லை. 2017 ஒழுங்குவிதிகளின்படி பிரதிகளில் முதல் நான்கு பக்கம் இலவசம், அதற்கு மேல் ஏ4 பக்கம் ஒன்றுக்கு 2 ரூபாய். ஏற்கெனவே தனக்கென்று கட்டணம் வைத்திருக்கும் திணைக்களம் அதை அறவிடலாம். மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னால் அந்தச் செலவும் மிச்சம்.

கேட்பவர் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும் என்பதே ஒரே நிபந்தனை. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அதற்காகக் காத்திருந்த ஒரு சமூகத்துக்கு இந்த நிபந்தனையின் கனம் தெரியும். அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற குடியுரிமையை வாக்குச்சீட்டுக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு வைத்துவிடக் கூடாது.

காலக்கெடுதான் பலருக்குக் குழப்பம். விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவு வர வேண்டும். சனி, ஞாயிறு, போயா கணக்கில் வராது. எனவே நாட்காட்டியில் ஏறக்குறைய மூன்று வாரம். தருவதாக முடிவெடுத்தால் கட்டணம் செலுத்தி 14 நாட்களுக்குள் தகவல் கைக்கு வர வேண்டும். அளவு பெரிதாக இருந்தால் காரணம் சொல்லி மேலும் 21 நாள் நீட்டலாம். உயிர் அல்லது தனிநபர் சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். பதிலே வராவிட்டால் அதையும் காரணம் காட்டி மேல்முறையீடு செய்யலாம். முதல் மேல்முறையீடு அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு, 14 நாட்களுக்குள். அவர் மூன்று வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். எல்லாப் படியும் ஏறினால் நான்கைந்து மாதம் ஆகும், இழுபட்டால் அதற்கும் மேல். அவசரத் தேவைக்கு இது மருந்து இல்லை.

விண்ணப்பங்கள் தோற்பதற்கு முதல் காரணம் கேள்வியின் வடிவம். 'எங்கள் லயத்துப் பாதை ஏன் இப்படி மோசமாகப் போடப்பட்டது?' என்று கேட்டால் 'அவ்வாறான தகவல் எம்மிடம் இல்லை' என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். அந்த அலுவலர் சட்டப்படி செய்தது சரி. சட்டம் கொடுப்பது ஆவணத்தை. விளக்கத்தையோ அபிப்பிராயத்தையோ அல்ல. ஆகவே பைலில் இருக்கும் தாளைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பிரதேச சபை போட்ட ஒரு கொங்கிரீட் பாதை என்றால் இப்படி எழுதலாம்:

'2024 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரையான காலத்தில் இன்ன தோட்டம், மேற்பிரிவு, 6 ஆம் இலக்க லயத்துக்குச் செல்லும் பாதைக்குக் கொங்கிரீட் இட்ட வேலை தொடர்பாகப் பின்வரும் ஆவணங்களின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதிகள்: அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீடும் பி.ஓ.கியூ.வும் (வேலையின் அளவும் விலையும் காட்டும் பட்டியல்), ஒப்பந்தம், வேலை அளக்கப்பட்ட அளவீட்டுத் தாள், கொடுப்பனவு வவுச்சர்கள், வேலை நிறைவுச் சான்றிதழ். பதிலும் தகவலும் தமிழ் மொழியில் தேவை.'

ஆறு ஆவணம், ஒரு வேலை, ஒரு காலம். இதில் அளவீட்டுத் தாளை விட்டுவிடாதீர்கள், கதை முழுவதும் அதில்தான் இருக்கும். 100 மீற்றர் நீளம், 2.4 மீற்றர் அகலம், 100 மில்லிமீற்றர் கனம் என்று அதில் இருந்தால் கொங்கிரீட் 24 கன மீற்றர். பாதையின் கனம் உண்மையில் 75 மில்லிமீற்றர்தான் என்றால் போட்டது 18 கன மீற்றர். 6 கன மீற்றருக்கான காசு வேறெங்கோ போயிருக்கிறது. 1:2:4 கலவைக்குக் கன மீற்றர் ஒன்றுக்கு 50 கிலோ சீமெந்து ஆறு மூட்டைக்குச் சற்று அதிகமாகப் போகும். அப்படிப் பார்த்தால் 38 மூட்டையளவு சீமெந்து பாதைக்கு வரவே இல்லை. மணலும் கல்லும் தனி.

அளக்கும்போது ஒரு கவனம் வேண்டும். ஓரத்தில் பலகை நிறுத்தி வார்ப்பதால் ஓரம் சொன்ன கனத்திலும் நடு மெலிந்தும் இருப்பது உண்டு. ஓரத்தை மட்டும் அளந்துவிட்டு எல்லாம் சரி என்று நினைக்கக் கூடாது. தண்ணீர்க் குழாய்க்காக வெட்டிய இடம், மழையில் உடைந்த இடம் என்று நடுப்பகுதி தெரியும் ஐந்தாறு இடங்களில் நாடாவைப் பிடித்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீள அகலத்தை அளக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆவணங்களை அலுவலகத்துக்கே போய்ப் பார்வையிடவும் சட்டம் இடம் தருகிறது, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. ஒப்பந்தம் தோட்டத்துச் சங்கம் ஒன்றின் பெயரில் போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சமூக ஒப்பந்தம் என்று கையெழுத்தாகி, சங்கத்து ஆட்களுக்கே அது தெரியாமல் வேலை நடந்திருந்தால் அது இந்தத் தாளில்தான் வெளியே வரும்.

இரண்டாவது தவறு, விலாசம். மலையகத்தில் இது மற்ற இடங்களைவிடச் சிக்கல். 2018 திருத்தம் வரும்வரை தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் காசு செலவழிக்கவே பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தடையாக இருந்தது. அதனால் பாதை ஒருவர், வீடு ஒருவர், தண்ணீர் ஒருவர் என்று வேலைகள் பல கைகளில் சிதறின. இன்றும் அமைச்சு, புதிய கிராமங்கள் அதிகாரசபை, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், பிரதேச சபை, மாகாண நிறுவனங்கள் என்று நான்கைந்து வாசல். வேலைத்தலத்துப் பெயர்ப் பலகையைப் படம் எடுத்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. பலகையே இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டங்களின் விவரத்தை வேலை தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே பொதுமக்களுக்கும், குறிப்பாக அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பிரிவு. சட்டத்திலேயே மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் நல்ல பிரிவு அதுதான் என்பது நமது எண்ணம்.

மூன்றாவது, மொழி. தமிழில் எழுதிய விண்ணப்பத்துக்குச் சிங்களத்தில் பதில் வந்தால் அதை அப்படியே விட வேண்டாம். தமிழில் தொடர்புகொண்டு தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தரும் உரிமை. மேல்முறையீட்டில் அதையும் ஒரு காரணமாக எழுதலாம், அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். பைலுக்குள் இருக்கும் மூல ஆவணம் சிங்களத்தில் இருந்தால் பிரதி அந்த மொழியில்தான் வரும். எண்கள் எல்லோருக்கும் பொது, அளவீட்டுத் தாளைப் படிக்க அது போதும்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரியது: பயம். ஒரு டிவிஷனில் யார் எழுதிப்போட்டார்கள் என்பது மறுநாள் காலை வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் தெரிந்துவிடும். இதற்குச் சட்டத்துக்குள்ளேயே வழி இருக்கிறது. அங்கத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிரஜைகளாக உள்ள எந்த அமைப்பும் விண்ணப்பிக்கலாம். மரணாதாரச் சங்கம், கோயில் பரிபாலன சபை, மாதர் சங்கம் எதுவானாலும் சரி. கடிதத் தலைப்பில், கூட்டத் தீர்மானத்தோடு போனால் ஒரு குடும்பத்தின் மேல் கோபம் திரும்பாது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை அங்கிருந்தே கேட்கலாம், பாதை எந்த ஊரில் இருந்தாலும் கேட்கும் உரிமை எந்தப் பிரஜைக்கும் உண்டு.

புள்ளியில் ஒன்றரையைக் குறைத்ததற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, தோட்டக் கம்பனியின் வாசலில் இந்தச் சட்டம் நின்றுவிடுகிறது. அரச கூட்டுத்தாபனங்களின் கீழ் உள்ள தோட்டங்களில் நேரடியாகக் கேட்கலாம். 1992 இல் கம்பனிகளுக்குக் கைமாறிய தோட்டங்களில் செக்ரோலையோ (தொழிலாளர் வேலைப் பதிவேடு) கொழுந்து நிறுத்த கணக்கையோ அப்படிக் கேட்க முடியாது. சுற்றுவழி உண்டு: சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதமும் தொழில்தருநரின் 12 வீதமும் கட்டப்பட்டதா, நிலுவை எவ்வளவு, அதற்கு வழக்குப் போடப்பட்டதா என்பதைத் தொழில் திணைக்களத்திடம் கேட்கலாம். இரண்டாவது, தண்டனை. தகவலை மறைக்கும் அலுவலருக்கு இந்தியாவின் 2005 சட்டத்தில் தகவல் ஆணையமே நாளுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 ரூபாய் வரை தண்டம் போடும். இங்கே ஆணைக்குழு நீதவான் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துத் திருத்த வேண்டிய முதல் இடம் இதுதான்.

இனி 1954. காசு கேட்டிருக்கிறார்கள், இன்னும் கொடுக்கவில்லை என்ற நிலையில் இந்தச் சேவை வேலை செய்யும். அழைக்கும் முன் ஐந்து விவரம் கையில் இருக்க வேண்டும்: கேட்டவரின் பதவி, அலுவலகம், எந்த வேலைக்காக, எவ்வளவு, எப்போது எங்கே கொடுக்கச் சொன்னார். தொலைபேசி அழைப்புப் பதிவையும் செய்திகளையும் அழிக்க வேண்டாம். விவரம் நம்பத்தக்கதாக இருந்தால் சுற்றிவளைப்புக்கு ஆட்கள் வருவார்கள். கொடுத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துச் சொன்னால் சாட்சி பலவீனம். கொடுப்பதும் குற்றம் என்பதால் சொல்பவருக்கும் தயக்கம். தெரிந்தே பொய் முறைப்பாடு செய்வதும் குற்றம், ஆகவே கேள்விப்பட்டதைக் கண்டதாகச் சொல்லக் கூடாது. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அந்த ஆண்டு செப்டெம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. பணத்துக்குப் பதிலாகப் பாலியல் இணக்கம் கேட்பதும் இலஞ்சம் என்று அது தெளிவாகச் சொல்கிறது, தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்குகிறது. தோட்டத்து இளம் பெண்கள் எல்லோருக்கும் இந்த இரண்டு விடயமும் தெரிந்திருக்க வேண்டும். பாடசாலைகளிலும் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களிலும் இதை அறிவிப்பாகவே ஒட்டலாம்.

பிறகு ஏன் இரண்டு புள்ளி? தூரம். ஆணைக்குழு இருப்பது கொழும்பு 7, மலலசேகர மாவத்தையில். வாக்குமூலம் கொடுக்க ஹட்டனிலிருந்து ஒருவர் போய் வந்தால் ஒரு நாள் பெயரும் (அன்றைய சம்பளமும்) போய்விடும், பயணச் செலவும் ஆகும். பழைய சட்டத்தின் கீழ் போடப்பட்ட வழக்குகள் பல, மூன்று ஆணையாளர்களின் எழுத்துமூல அனுமதி இல்லை என்ற தொழில்நுட்பக் காரணத்தால் 2021 வாக்கில் மீளப் பெறப்பட்டதும் மக்கள் மனதில் இருக்கிறது. 

மற்ற நாடுகளிடம் கற்பது என்று இங்கே பேசும்போது எல்லோரும் சிங்கப்பூரையும் ஹொங்கொங்கையும் சொல்கிறோம். ஆனால் ஹொங்கொங்கில் எதைப் பார்க்க வேண்டும்? 1973 இல் விசாரணையில் இருந்த பொலிஸ் உயரதிகாரி பீட்டர் கோட்பர் தப்பி ஓட, மக்கள் வீதிக்கு இறங்க, 1974 பெப்ரவரியில் அங்கே ஊழல் எதிர்ப்பு ஆணைக்குழு பிறந்தது. கோட்பரைத் திருப்பிக் கொண்டுவந்து சிறையில் போட்டார்கள். நாம் நினைவில் வைத்திருப்பது அந்தக் கைதை. அவர்களோ மூன்று பிரிவு வைத்தார்கள்: விசாரணை, தடுப்பு, சமூகத் தொடர்பு. தடுப்புப் பிரிவு அலுவலகங்களுக்குப் போய் ஒரு அனுமதிப்பத்திரம் எத்தனை மேசை தாண்டுகிறது, எந்த மேசையில் தேங்குகிறது என்று பார்த்து நடைமுறையையே மாற்றச் சொல்லும். சமூகத் தொடர்புப் பிரிவு பேட்டைகளில் அலுவலகம் திறந்தது. சந்தைக்குப் போகும் வழியில் உள்ளே நுழைந்து முறைப்பாடு சொல்லலாம். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தமிழ் பேசும் இரண்டு அலுவலர்களோடு அப்படி ஒரு அறை இருந்தால் 1954 க்கு நான்கு புள்ளி போடத் தயார்.

நமக்கு இன்னும் கிட்டத்தில் பொருந்தும் பாடம் ராஜஸ்தானில் இருக்கிறது. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் கூலி வேலைப் பட்டியலையும் பில்களையும் ஊர்க் கூட்டத்தில் சத்தமாக வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு என்று ஊரே அந்த இடத்தில் எழுந்து சொன்னது. இந்தியாவின் தகவல் சட்டத்துக்கும் சமூகத் தணிக்கைக்கும் வேர் அங்கேதான். செக்ரோலில் பெயர் விழுவதும் விடுபடுவதும் என்ன என்று தெரிந்த நம் மக்களுக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 7 பேர்ச் காணியில் கட்டும் வீடுகளின் பயனாளிப் பட்டியலை, முன்னுரிமைப் புள்ளிகளோடு, அந்தந்த டிவிஷனில் வாசித்தால் போதும்.

உகண்டாவில் 1991 முதல் 1995 வரை பாடசாலைகளுக்கு அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 வீதமே பாடசாலையைச் சேர்ந்தது. தொகையைப் பத்திரிகையிலும் பாடசாலைக் கதவிலும் போடத் தொடங்கிய பிறகு அது 80 வீதத்துக்கு மேல் போனது. பத்திரிகையால் மட்டுமே அது நடந்ததா என்று ஆய்வாளர்கள் பிறகு விவாதித்தார்கள். அதே காலத்தில் நிதி அனுப்பும் முறையும் மாறியிருந்தது. பட்டியல் ஒட்டுவதும், காசு போகும் கைகளைக் குறைப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்றுதான் இதைப் படிக்க வேண்டும். இந்தோனேசியா வேறு பாடம்: பல வருடம் துணிச்சலாக வேலை செய்த ஊழல் ஒழிப்பு ஆணைக்குழுவின் ஊழியர்களை 2019 திருத்தம் அரச சேவைக்குள் இழுத்து, அதன் சுதந்திரத்தைக் குறைத்தது. நிறுவனத்தைக் கட்டுவது போலவே காப்பதும் வேலைதான்.

இலங்கைக்கும் ஊழலுக்கு எதிரான தேசியத் திட்டங்கள் இருந்தன. 2019 முதல் 2023 வரை ஒன்று. அந்த ஐந்து ஆண்டில் நாடுகளை 100 புள்ளிக்கு அளக்கும் ஊழல் மதிப்புச் சுட்டெண்ணில் (புள்ளி குறைந்தால் ஊழல் அதிகம்) நாட்டின் புள்ளி 38 இலிருந்து 34 க்கு இறங்கியது, 2024 இல் 32. 2023 செப்டெம்பரில் சர்வதேச நாணய நிதியத்தின் ஆளுகை மதிப்பாய்வு வந்தது. ஆசியாவில் அதற்கு உட்பட்ட முதல் நாடு இலங்கை. 2025 ஏப்ரலில் 2025–2029 திட்டம் வெளியானது. இதில் நாம் நேரடியாகத் தொட்டுப் பார்க்கக்கூடிய புதிய அம்சம், அரச நிறுவனங்களில் அமைக்கச் சொல்லப்பட்டிருக்கும் உள்ளக அலுவல்கள் பிரிவு. முறைப்பாட்டை அலுவலகத்துக்குள்ளேயே ஏற்பதும், இலஞ்சம் நுழையும் ஓட்டைகளைக் கண்டு அடைப்பதும் அதன் வேலை. ஹொங்கொங்கின் தடுப்புப் பிரிவு செய்ததற்கு நம்மிடம் இருக்கும் கிட்டிய வடிவம் இதுதான். ஆனால் அதே அலுவலகத்து ஆள், தன் மேலதிகாரி மீதான முறைப்பாட்டைத் தானே வாங்க வேண்டியிருக்கும். அதனால் அது சரியாக நடக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு வழி மறுபடியும் ஆர்.டி.ஐ.தான். உங்கள் பிரதேச செயலகத்துக்கு எழுத வேண்டியது: 'இந்த நிறுவனத்தின் உள்ளக அலுவல்கள் பிரிவு அமைக்கப்பட்ட திகதியைக் காட்டும் கடிதம், அதன் உறுப்பினர்களின் பதவிப் பட்டியல், இதுவரை கிடைத்த முறைப்பாடுகளின் எண்ணிக்கையும் அவற்றில் முடிக்கப்பட்டவற்றின் எண்ணிக்கையும் காட்டும் பதிவேட்டுப் பக்கம், முறைப்பாட்டாளர் பெயர்கள் மறைக்கப்பட்டு, தமிழில் முறைப்பாடு ஏற்கப் பொறுப்பான அலுவலரின் பதவி.' பதிவுத் தபாலில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான அட்டையை விண்ணப்பத்தின் பிரதியோடு குத்தி வையுங்கள். அதில் உள்ள திகதியிலிருந்துதான் 14 வேலை நாட்களை எண்ண வேண்டும்.